ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுகிறதா? முதலில் பைல்களைக் காப்பாற்றுங்கள், பிறகு சோதியுங்கள்!

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பேரன் படிப்புக்காகப் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். அவருக்கும் அதுதான் முதல் கம்ப்யூட்டர். மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டு, மகள் திருமணப் படங்கள், மறைந்த மனைவியின் படங்கள், தான் எழுதி வைத்திருந்த பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில் சேர்த்து வைத்தார். ஒரு நாள் போன் செய்தார்.

"தம்பி, கம்ப்யூட்டருக்குள்ள கடிகாரம் ஓடுற மாதிரி டிக் டிக்னு சத்தம் வருது. ரெண்டு வாரமா இருக்கு. ரொம்ப மெதுவாவும் ஆயிடுச்சு. ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா?"

நான் வெளியூரில் இருந்தேன். இரண்டு நாட்களில் வருவதாகச் சொன்னேன். அந்த இரண்டு நாட்களில் யாரோ ஒருவர் டிபிராக் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். மூன்று முறை செய்தார். வேகம் கூடவில்லை. பிறகு டிஸ்க் முழுவதையும் சோதிக்கும் புரோகிராம் ஒன்றை இரவு ஓடவிட்டுத் தூங்கப் போனார். காலையில் எழுந்து பார்த்தபோது திரையில் கறுப்புப் பின்னணியில் ஒரு வரிதான் இருந்தது. ஹார்ட் டிஸ்க் இருப்பதையே கம்ப்யூட்டர் அறியவில்லை.

அவர் செய்தது எதுவும் தவறான செயல் அல்ல. செய்த வரிசைதான் தவறு. டிக் டிக் சத்தம் கேட்ட முதல் நாளில் படங்களை ஒரு பென் டிரைவில் காப்பி செய்திருந்தால், அதன் பிறகு டிஸ்க் போனாலும் நஷ்டம் ஒரு டிஸ்க்கின் விலை மட்டுமே. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலானோர் செய்யும் தவறு இது. எனவே எந்தச் சத்தத்திற்கு என்ன பொருள், வேகம் குறைவது எதனால், எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று வரிசையாகப் பார்ப்போம்.

இப்போது வரும் புதிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத டிரைவ்தான் இருக்கிறது. ஆனால் பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், படங்களைச் சேர்த்து வைக்க எக்ஸ்டர்னல் டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஆகியோரிடம் சுழலும் ஹார்ட் டிஸ்க் இன்னும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

உள்ளே என்ன நடக்கிறது?

ஹார்ட் டிஸ்க் என்ற பெட்டிக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவை நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. 7200 என்றால் ஒரு விநாடிக்கு 120 சுற்று. டெஸ்க்டாப் டிஸ்க்கின் தட்டு விளிம்பு மணிக்கு 120 கிலோ மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. இந்தத் தட்டின் மேல் ஒரு சிறு கையின் நுனியில் ஹெட் எனப்படும் படிக்கும் பகுதி மிதந்து செல்கிறது. ஹெட்டிற்கும் தட்டிற்கும் இடையே உள்ள தூரம் சில நானோ மீட்டர்கள்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே பல பத்தாயிரம் நானோ மீட்டர்கள். எனவே உள்ளே ஒரு தூசி புகுந்தாலும் ஆபத்துதான்.

1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனை தட்டுகளிலும் சேர்த்து 4 எம்பிக்கும் குறைவான தகவலைத்தான் வைக்க முடிந்தது. இன்று போனில் எடுக்கும் ஒரு படத்திற்கே அது போதாது. அளவு சுருங்கிக் கொள்ளளவு பெருகினாலும் அடிப்படை மாறவில்லை: சுழலும் தட்டு, ஓடும் மோட்டார், அசையும் கை. அசையும் பொருள் எதுவும் ஒரு நாள் தேயும். தேயும்போது பெரும்பாலும் சத்தம் போடும்.

எந்தச் சத்தங்கள் இயல்பானவை?

எல்லாச் சத்தமும் ஆபத்தல்ல. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் "உய்ங்" என்று மெல்ல உயர்ந்து பிறகு சீராகும் ஒலி, தட்டுகள் வேகம் பிடிக்கும் ஒலி. ஒரு பெரிய புரோகிராமைத் திறக்கும்போது வரும் "கரகர" ஒலி, ஹெட் இங்கும் அங்கும் ஓடிப் பைல்களைத் தேடும் ஒலி. கம்ப்யூட்டரை அணைக்கும்போது ஒரே ஒரு முறை "டிக்" என்று கேட்டால், ஹெட் தன் ஓய்விடத்திற்குப் போய்ச் சேர்ந்தது என்று பொருள். லேப்டாப் டிஸ்க்குகளும் சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளும் வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஹெட்டை ஓய்விடத்தில் நிறுத்தும். அப்போதும் எப்போதாவது ஒரு மெல்லிய டிக் கேட்கும்.

அப்படியானால் கவனிக்க வேண்டியது எது? மாற்றம்தான். இத்தனை நாள் கேட்காத ஒலி கேட்கிறதா? இருந்த ஒலி பெரிதாகிவிட்டதா? ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் மேலே படியுங்கள்.

சத்தம் டிஸ்க்கிலிருந்துதான் வருகிறதா?

சத்தம் கேட்டதும் ஹார்ட் டிஸ்க்கின் மீது பழி போட்டுவிட வேண்டாம். கேபினட்டுக்குள் சத்தம் போடுபவை வேறும் உண்டு. சி.பி.யு. மீதுள்ள மின்விசிறி, எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் மின்விசிறி, கேபினட்டின் பின்புற மின்விசிறி, டிவிடி டிரைவ் எனப் பல. எப்படிப் பிரித்தறிவது?

1. கேபினட்டின் முன்புறத்தில் டிஸ்க் வேலை செய்யும்போது மின்னும் சிறு விளக்கு இருக்கும். அது மின்னும்போது மட்டும் சத்தம் வந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். விளக்கு மின்னினாலும் மின்னாவிட்டாலும் ஒரே மாதிரி தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் மின்விசிறிதான்.

2. காலையில் ஆன் செய்ததும் "கர்ர்ர்" என்று பலமாகத் தொடங்கி, பத்து நிமிடத்தில் குறைந்துவிட்டால் அது மின்விசிறியின் பேரிங் தேய்ந்ததன் அடையாளம். கம்ப்யூட்டர் சூடாகச் சூடாகக் கூடுகிற "ஹூ" ஒலியும் மின்விசிறிதான். தூசியைச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

3. "தட தட" என்று மின்விசிறி எதையோ அடிப்பது போல் கேட்டால், உள்ளே ஒரு கேபிள் அதன் இறக்கையில் உரசிக்கொண்டிருக்கலாம். பவர் கார்டைக் கழற்றிய பிறகே கேபினட்டைத் திறந்து அதை ஒதுக்கிக் கட்டவும். ஓடும் மின்விசிறியை விரலால் நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

4. "ரீங்" என்று அதிர்வு ஒலி கேட்டால் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் தகட்டின் ஸ்க்ரூவோ டிஸ்க்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவோ தளர்ந்திருக்கிறது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை இரும்பு பீரோ மீது வைத்தாலும் சிறு ஒலி பெரிதாகக் கேட்கும். மரப்பலகை மீதோ தடித்த துணி மீதோ வைத்துப் பாருங்கள்.

அதிர்வைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2008ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பிரெண்டன் கிரெக், டிஸ்க்குகள் அடுக்கிய பெட்டியின் அருகே நின்று உரக்கக் கத்தினார். கத்திய அந்த நொடியில் டிஸ்க்குகள் பதில் தரும் நேரம் கூடியதை வரைபடத்தில் காட்டினார். குரலுக்கே இப்படி என்றால், பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வைத்துப் பாட்டுக் கேட்பது நல்லதல்ல என்று சொல்லத் தேவையில்லை.

5. எதிலிருந்து வருகிறது என்று இன்னும் தெளிவாகவில்லையா? ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கேபினட்டின் வெவ்வேறு பக்கங்களில் காட்டிக் கேளுங்கள். அந்தச் சத்தத்தை மொபைல் போனில் பதிவும் செய்து வையுங்கள். சர்வீஸ் கடைக்குக் கொண்டு போகும்போது வராத சத்தம் வீட்டில் வரும் என்பது எல்லாருக்கும் ஏற்பட்ட அனுபவம். பதிவு இருந்தால் கடைக்காரருக்கு விளக்க எளிது.

சத்தமும் அதன் பொருளும்

டிஸ்க்கிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்துவிட்டது. இனி ஒவ்வொரு சத்தமும் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

டிக்... டிக்... டிக்: ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் ஒலி. தட்டில் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிவதற்கான அடையாளங்களை ஹெட்டால் படிக்க முடியவில்லை. எனவே கை தொடக்க இடத்திற்குத் திரும்பி மீண்டும் முயல்கிறது, மீண்டும் தோற்கிறது. ஆங்கிலத்தில் இதை மரணத்தின் டிக் ஒலி என்றே கம்ப்யூட்டர் உலகில் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். மிக ஆபத்தான அடையாளங்களில் ஒன்று.

கீச் அல்லது கிறீச்: உலோகம் உரசுவது போன்ற ஒலி. ஹெட் தட்டைத் தொட்டுவிட்டிருக்கலாம். தொட்ட இடத்தில் இருந்த தகவல் சுரண்டப்பட்டு அழிகிறது. ஒவ்வொரு விநாடியும் 120 சுற்று சுரண்டல். இந்த ஒலி கேட்டால் யோசிக்காமல் உடனே அணைத்துவிடுங்கள். காப்பி செய்யக்கூட முயல வேண்டாம்.

பீப்... பீப்: பெரும்பாலும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் கேட்கும். தட்டைச் சுழற்ற மோட்டார் முயன்று முடியாமல் போகும் ஒலி இது. ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது போதிய மின்சாரம் கிடைக்காமல் இருக்கலாம். யு.எஸ்.பி. ஹப் வழியாக இணைத்திருந்தால் அதை விலக்கி, கேபினட்டின் பின்புற போர்ட்டில் நேராக இணைத்து, வேறு கேபிள் போட்டு ஒரு முறை மட்டும் முயன்று பாருங்கள். அப்போதும் பீப் வந்தால் நிறுத்திவிடுங்கள். ஆன் செய்தவுடன் திரை வரும் முன்பே மதர் போர்டு தரும் பீப் ஒலி வேறு. அது மெமரி போன்ற பிற பகுதிகளில் உள்ள கோளாறைச் சொல்லும்.

உய்ய்ங்: இடைவிடாத, காதைக் குத்தும் மெல்லிய ஒலி. நாள் ஆக ஆகக் கூடுகிறது. மோட்டார் பேரிங் தேய்கிறது. இதனுடன் பல மாதங்கள் ஓடிய டிஸ்க்குகளும் உண்டு. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

சுழல்வது நின்று நின்று தொடங்குவது: "உய்ங்" என்று எழும்பி, அடங்கி, மறுபடி எழும்பும். டிஸ்க் கெட்டிருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். தரும் மின்சாரத்தில் குறை இருந்தாலும் பவர் கேபிள் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும். கம்ப்யூட்டரை அணைத்து, கேபிளை அழுத்திச் செருகிப் பார்க்கலாம்.

முதல் வேலை: காப்பி

டிஸ்க் இன்னும் வேலை செய்கிறது, ஆனால் சத்தமோ வேகக் குறைவோ இருக்கிறது என்றால், சோதனை எதுவும் செய்யும் முன் பைல்களை வேறு இடத்தில் காப்பி செய்துவிடுங்கள். காரணம் எளிது. பலவீனமான டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சம் இருக்கும் அந்த நேரத்தைச் சோதனையில் செலவு செய்வதா, படங்களைக் காப்பாற்றச் செலவு செய்வதா?

எதை முதலில் எடுப்பது? விண்டோஸையும் சாப்ட்வேர்களையும் திரும்ப இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். சினிமாவும் பாட்டும் மறுபடி கிடைக்கும். வேறு எங்கும் கிடைக்காதவைதான் முதலில். குடும்பப் படங்கள், நீங்கள் தயாரித்த ஆவணங்கள், கணக்குப் பைல்கள், சான்றிதழ்களின் ஸ்கேன் பிரதிகள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுண்லோட்ஸ் ஆகிய நான்கு போல்டர்களையும் மறக்காமல் பாருங்கள். பெரிய வீடியோக்கள் கடைசியில்.

எப்படி எடுப்பது? போல்டர் போல்டராக எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செலக்ட் செய்து இழுக்க வேண்டாம். ஒரு பைலில் நின்றுவிட்டால் ஸ்கிப் பட்டனை அழுத்தி அடுத்ததற்குப் போங்கள். முரண்டு பிடிக்கும் ஒரு பைலுக்காகப் போராடினால் நல்ல பைல்கள் நூறு போய்விடும். அந்த நேரத்தில் பாட்டுக் கேட்பது, இன்டர்நெட் பார்ப்பது எதுவும் வேண்டாம். பைல்களை "கட்" செய்து நகர்த்தவும் வேண்டாம், "காப்பி" மட்டும் செய்திடுங்கள். எடுத்தபின் புதிய இடத்தில் சில படங்களைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தயங்க வேண்டாம். 40 ஜிபி படங்களைப் பழைய யு.எஸ்.பி. 2.0 போர்ட் வழியாக விநாடிக்கு 30 எம்பி வேகத்தில் எடுத்தாலும் 22 நிமிடம்தான். டிஸ்க் தடுமாறினால் கூடுதல் நேரம் ஆகலாம். அப்படியும் ஒரு மாலைப் பொழுது போதும்.

விண்டோஸும் அதே டிஸ்க்கில் இருந்தால் இன்னொரு யோசனை. விண்டோஸ் ஓடும்போது பின்னணியில் அந்த டிஸ்க்கில் எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கும். அதனால் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக இணைத்துக் காப்பி செய்வது பாதுகாப்பானது. உங்களுக்குப் பழக்கம் இல்லை என்றால் தெரிந்தவரிடம் இதை மட்டும் செய்து தரச் சொல்லுங்கள்.

வேகம் குறைந்தது டிஸ்க்கினாலா?

பைல்கள் பத்திரமாக வேறு இடத்தில் இருக்கின்றன. இனி நிதானமாகச் சோதிக்கலாம். முதலில், மெதுவாக இயங்கும் எல்லா டிஸ்க்கும் நோயாளி அல்ல. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் மெதுவாகத்தான் இயங்கும். மெமரி குறைவாக இருந்தால் விண்டோஸ் டிஸ்க்கையே மெமரியாகப் பயன்படுத்திக்கொள்ளும். விண்டோஸ் அப்டேட், ஆன்டி வைரஸ் சோதனை போன்றவையும் டிஸ்க்கை ஆக்கிரமிக்கும். சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும் வேகம் குறையும்.

வேறுபடுத்திப் பார்க்கும் வழி இது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்தவும். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பிரிவில் கிளிக் செய்து டிஸ்க் 0 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். உங்கள் டிஸ்க்கிற்கு வேறு எண் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கவும். அங்கே மூன்று எண்களைக் கவனிக்கவும்: ஆக்டிவ் டைம், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம், ரீட் ஸ்பீட்.

ஆக்டிவ் டைம் 100 சதவீதம், ரீட் ஸ்பீட் பல எம்பி என்று இருந்தால் டிஸ்க் உழைக்கிறது. பிராசஸஸ் பிரிவில் டிஸ்க் என்ற தலைப்பில் கிளிக் செய்தால் எந்தப் புரோகிராம் அதைப் பயன்படுத்துகிறது என்று வரிசையாகத் தெரியும். அப்டேட்டோ ஆன்டி வைரஸோ என்றால் அது முடியும் வரை காத்திருங்கள்.

ஆக்டிவ் டைம் 100 சதவீதம், ஆனால் ரீட் ஸ்பீட் சில கேபிதான், ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லி விநாடிகள் என்று அடிக்கடி இருந்தால் டிஸ்க் திணறுகிறது என்று பொருள். நல்ல டிஸ்க் சாதாரண வேலையில் சில பத்து மில்லி விநாடிகளில் பதில் தந்துவிடும்.

ஏன் இப்படித் திணறுகிறது? தகவல்கள் செக்டார் எனப்படும் சிறு சிறு கட்டங்களில் எழுதப்படுகின்றன. ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் விட்டுவிடுவதில்லை. தட்டு ஒரு சுற்றுச் சுற்றி அந்த இடம் மறுபடி வரும் வரை காத்திருந்து மீண்டும் படிக்கும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. நூறு முறை முயன்றால் ஏறத்தாழ ஒரு விநாடி. இப்படி ஆயிரம் செக்டார்கள் இருந்தால் 14 நிமிடம். அந்த நேரத்தில் மவுஸ் பாயிண்டர் நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் பதில் வராது. சிறிது நேரம் கழித்து எல்லாம் ஒன்றாகத் திறக்கும். திரை உறையும் அதே நொடியில் டிக் டிக்கும் கேட்டால் சந்தேகத்திற்கு இடமில்லை.

டிஸ்க் தரும் மதிப்பெண் பட்டியல்

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. இந்த வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படித்துக் காட்ட கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச சாப்ட்வேர் உள்ளது. திறந்தவுடன் டிஸ்க்கின் நிலை, நல்ல நிலை, எச்சரிக்கை, மோசம் என மூன்றில் ஒன்றாகக் காட்டப்படும். எச்சரிக்கை மஞ்சளிலும் மோசம் சிவப்பிலும் இருக்கும். டிஸ்க்கின் வெப்பநிலையும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் தெரியும். தினம் 8 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 2920 மணி. பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது விற்பவர் "அதிகம் ஓடாதது" என்று சொன்னால், இந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்.

கீழே உள்ள பட்டியலில் நான்கு வரிகளை மட்டும் பாருங்கள்.

05: கெட்டுப்போனதால் மாற்று இடத்திற்கு மாற்றப்பட்ட செக்டார்கள்.

சி5: படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டார்கள்.

சி6: திருத்தவே முடியாத செக்டார்கள்.

சி7: டிஸ்க்கிற்கும் மதர் போர்டுக்கும் இடையே தகவல் செல்லும்போது ஏற்பட்ட பிழைகள்.

ஒவ்வொரு வரியின் கடைசியில் ரா வேல்யூ என்ற எண் இருக்கும். முதல் மூன்றும் பூஜ்யமாக இருப்பதே நல்லது. பூஜ்யம் இல்லாவிட்டால் எண்ணைக் குறித்து வைத்து, சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு சிறு எச்சரிக்கை. இந்தச் சாப்ட்வேர் எண்களை நம் வழக்கமான முறையில் காட்டாமல் ஹெக்ஸ் முறையில் காட்டும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு பீச்சர், அதில் ரா வேல்யூஸ் சென்று 10 என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் சாதாரண எண்ணாக மாறும்.

சி7 மட்டும் கூடியிருந்தால் மகிழ்ச்சியான செய்தி. குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க் அல்ல, சாட்டா கேபிள். குறைந்த விலையில் கிடைக்கும் அந்தக் கேபிளை மாற்றினால் போதும். பழைய எண் அழியாது. மாற்றிய பிறகு மேலும் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நல்ல நிலை என்று வந்தால் கவலையே இல்லையா? அப்படியும் இல்லை. 2007ஆம் ஆண்டில் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்திற்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். டிஸ்க் தன்னைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை பதிவானால், அடுத்த 60 நாட்களில் அது கெட்டுப்போகும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், கெட்டுப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்திற்கும் மேற்பட்டவை வெப்பநிலை தவிர வேறு எந்த எண்ணிலும் எச்சரிக்கை காட்டாமலேயே போயிருந்தன. அதாவது ஸ்மார்ட் எச்சரித்தால் நம்புங்கள். அது பேசாமல் இருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள். சத்தம் கேட்கிறது, ஸ்மார்ட் நன்றாக இருக்கிறது என்றாலும் காப்பி அவசியம்.

செக் டிஸ்க், டிபிராக் எப்போது?

திஸ் பிசி திறந்து, டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், டூல்ஸ் சென்றால் செக் என்ற பட்டன் இருக்கும். மின்சாரம் திடீரென நின்றதால் பைல் அமைப்பில் ஏற்பட்ட குழப்பங்களைச் சரி செய்ய அது உதவும். தேய்ந்த பேரிங்கையோ சுரண்டப்பட்ட தட்டையோ எந்தச் சாப்ட்வேரும் சரி செய்யாது. டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும் நீண்ட சோதனை பல மணி நேரம் இடைவிடாமல் அதை உழைக்க வைக்கும். டிபிராக் அதைவிட மோசம், எல்லாவற்றையும் எடுத்து எடுத்து மாற்றி எழுதும். நல்ல டிஸ்க்கிற்கு மருந்து. நோயுற்ற டிஸ்க்கிற்குச் சுமை. எங்கள் ஆசிரியரின் டிஸ்க் அப்படித்தான் இரவோடு இரவாகப் போனது.

விண்டோஸ் தானாகவே வாரம் ஒரு முறை டிபிராக் செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கும். சந்தேகமான டிஸ்க் என்றால் அதே டூல்ஸ் பிரிவில் ஆப்டிமைஸ் என்ற பட்டனை அழுத்தி, சேஞ்ச் செட்டிங்ஸ் மூலம் அந்த ஏற்பாட்டை நிறுத்தி வையுங்கள்.

செய்யவே கூடாதவை

டிஸ்க்கைப் பாலிதீன் பையில் போட்டுப் பிரிட்ஜில் வைத்தால் வேலை செய்யும் என்று சொல்வார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். இன்றைய டிஸ்க்குகளுக்கு இது கேடுதான். கையால் தட்டுவது, குலுக்குவது வேண்டாம். ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறப்பது கூடவே கூடாது. நம் வீட்டுக் காற்றில் உள்ள ஒரு தூசி ஹெட்டின் பாதையில் ஒரு பாறை. டிஸ்க் தெரியாமல் போன பின் ஆன், ஆஃப் என்று பத்து முறை முயல்வதும், பார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் ஓகே கொடுப்பதும் வேண்டாம்.

பைல்கள் மிக முக்கியம், காப்பியும் இல்லை என்றால் அணைத்துவிட்டு, தகவல் மீட்பையே தொழிலாகச் செய்யும் இடத்திற்குக் கொண்டு செல்லுங்கள். தூசியற்ற அறையில் திறந்து பழுது பார்க்கும் வசதி இருக்கிறதா, தகவல் கிடைக்காவிட்டால் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். செலவு புதிய டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு ஆகலாம். முழுதும் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

இனி என்ன?

ஒரு முறை இந்தச் சத்தம் போட்ட டிஸ்க்கை, பிறகு அமைதியானாலும் முக்கியமான பைல்களுக்கு நம்ப வேண்டாம். வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் விண்டோஸிற்கு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுங்கள். பழைய கம்ப்யூட்டரே புதியது போல் வேகம் பிடிக்கும். ஆனால் எஸ்.எஸ்.டி. கெடும்போது டிக் டிக் என்று முன்கூட்டிச் சொல்லாது. ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுவிடலாம். எனவே காப்பி எடுக்கும் பழக்கம் அதற்கும் தேவை.

முக்கியமானவை மூன்று இடத்தில் இருக்கட்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, வீட்டிற்கு வெளியே, ஆன்லைன் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காதீர்கள். மின்சாரம் அடிக்கடி போகும் ஊர் என்றால் யு.பி.எஸ். அவசியம். மின்சாரம் திடீரென நின்றால் எழுதிக்கொண்டிருந்த பைல் பாதியில் கெடும். ஹெட்டும் அவசரமாக ஓய்விடத்திற்கு ஓட வேண்டியிருக்கும். கேபினட்டின் காற்றுத் துவாரங்களைத் துணி போட்டு மூடாமல் டிஸ்க்கின் வெப்பம் 50 டிகிரிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரின் கதை என்ன ஆயிற்று? திருமணப் படங்களில் ஒரு பகுதியை முன்பு மகளுக்குப் பென் டிரைவில் கொடுத்திருந்தார். அவை கிடைத்தன. மனைவியின் படங்களில் காகிதப் பிரதி வீட்டில் இருந்தவற்றை இருவருமாக உட்கார்ந்து மறுபடி ஸ்கேன் செய்தோம். காகிதப் பிரதி இல்லாதவையும் பாடக் குறிப்புகளும் போய்விட்டன. இப்போது அவர் மேஜை டிராயரில் ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காப்பி எடுத்து, தேதியை அதன் மீது ஒட்டிய தாளில் எழுதி வைக்கிறார். உங்கள் டிஸ்க்கில் இன்று சத்தம் இல்லாவிட்டாலும் அந்தத் தாளின் முதல் தேதியை இன்றே எழுதிவிடுங்கள்.